லைசென்ஸ் வாங்கிய படத்துக்கே பணம் கேட்டு வந்த நோட்டீஸ்

காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் அந்த ஸ்டாக் போட்டோவை (பலருக்கும் விற்பதற்கென்றே ஏஜென்சிகள் வைத்திருக்கும் படம்) என் வெப்சைட்டில் போட்டேன். அப்படியும் "பதிப்புரிமை மீறல்" என்ற தலைப்போடு ஒரு மெயில் வந்து, மாதக்கணக்கில் என்னை அலைக்கழித்தது. உங்களுக்கும் வரலாம், அதனால் எழுதுகிறேன்.

அனுப்பியது படம் எடுத்தவரும் இல்லை, நான் படம் வாங்கிய ஏஜென்சியும் இல்லை. பிறருக்காக வசூல் வேலை மட்டும் பார்க்கும் ஒரு கம்பெனி. மேலே கேஸ் நம்பர், நடுவில் என் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அதில் படத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம், கீழே பெரிதாகப் பணம் கட்டும் பட்டன். இரண்டு வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடியாம்! திருடிவிட்டாய் என்று சொல்கிற வாயாலேயே தள்ளுபடியும் சொல்வதை அங்கேதான் பார்த்தேன். வெப்சைட்டிலிருந்து படத்தை நீக்கிவிட்டாலும் விஷயம் முடியாது என்றும் ஒரு வரி இருந்தது. அது உண்மைதான், ஏற்கெனவே பயன்படுத்திய காலத்துக்குக் கேட்க அவர்களுக்கு வழி உண்டு. ஆனால் உரிமை அவர்களிடம் இருந்தால்தானே.

இன்வாய்ஸை அனுப்பினேன். "எங்கள் பதிவுகளில் உங்கள் பெயரில் லைசென்ஸ் எதுவும் இல்லை" என்று பதில். எப்படி இருக்கும், நான் வாங்கியது வேறு ஏஜென்சியில் அல்லவா? ஒரே போட்டோகிராபர் ஒரே படத்தைப் பல ஏஜென்சிகளில் விற்பனைக்கு வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். இவர்களுடைய சாப்ட்வேர் இணையம் முழுக்கத் தேடி, ஒத்துப்போகும் படத்தைக் கண்டால் ஒரே ஒரு ஏஜென்சியின் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தைத் தட்டிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்கி எழுதினால், இன்வாய்ஸில் இருப்பது என் பெயர், வெப்சைட்டில் இருப்பது வேறு பெயர் என்று அடுத்த கொக்கி. அதற்கும் பதில் சொன்னேன். அப்புறம் வேறொருவர் பெயரில் ஒரு மெயில், தள்ளுபடி காலம் முடிந்துவிட்டது, தொகை ஏறிவிட்டது, சட்டப் பிரிவுக்குப் போகப்போகிறது என்று. நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்த மாதிரி தெரியவில்லை.

பயமுறுத்துவதற்கென்றே அதில் கொட்டை எழுத்தில் 1,50,000 டாலர் என்று போட்டிருந்தார்கள். அந்த எண் பொய் இல்லை, அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் அது தெரிந்தே மீறியவர்களிடம் கேட்கும் நஷ்டஈட்டின் உச்ச வரம்பு. வழக்கமான வரம்பு ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை. அதுவும் மீறல் தொடங்குவதற்கு முன்பே, அல்லது படம் வெளியான 3 மாதத்துக்குள், அங்கே பதிப்புரிமையைப் பதிவு செய்திருந்தால்தான் கிடைக்கும். இல்லையென்றால் உண்மையான நஷ்டமும், மீறியவர் அதில் சம்பாதித்த லாபமும்தான் கேட்க முடியும், ஒரு ஸ்டாக் போட்டோவுக்கு அது பெரும்பாலும் லைசென்ஸ் கட்டணத்தை ஒட்டியே வரும். இதையெல்லாம் கடிதத்தில் ஏன் எழுதப்போகிறார்கள்?

கடைசியில் வேலை செய்தது கேள்விதான். படத்தை எடுத்தவர் யார், அவர் உங்களுக்குக் கொடுத்தது தனி உரிமையா இல்லை பலருக்கும் கொடுத்த உரிமையா, அவர் சார்பில் பணம் கேட்க உங்களிடம் என்ன எழுத்துப்பத்திரம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து? அமெரிக்காவில் தனி உரிமை வைத்திருப்பவர்தான் வழக்குப் போட முடியும், வெறும் விற்பனை ஏஜென்ட் தன் பெயரில் போட முடியாது. இந்தியாவிலும் ஆதாரமில்லாமல் இப்படி மிரட்டினால், மிரட்டப்பட்டவரே கோர்ட்டுக்குப் போகப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இடம் தருகிறது. கேள்விகளை அனுப்பிய பிறகு நீண்ட மௌனம், பிறகு "கேஸ் மூடப்பட்டது" என்று ஒற்றை வரி. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்த விநோதம் என்று நினைக்காதீர்கள். கேரல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் தன் படங்களை மக்கள் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தவர். அவர் எடுத்த படத்தை அவருடைய சொந்த அறக்கட்டளையின் வெப்சைட்டில் போட்டதற்கு 120 டாலர் கேட்டு அவருக்கே நோட்டீஸ் போனது! 2016இல் அவர் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதில் பதிப்புரிமை சார்ந்த கோரிக்கைகள் தள்ளுபடியாயின, மீதியைக் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

இலவசப் படத் தளங்களில் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அடுத்தவர் படத்தை யாரோ ஏற்றியிருந்தால் மாட்டுவது நீங்கள்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் (நிபந்தனைகளோடு யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் பொது லைசென்ஸ்) படம் என்றால் அந்த லைசென்ஸின் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்: பழைய பதிப்புகளில் போட்டோகிராபர் பெயரைச் சரியாகப் போடாவிட்டால் அனுமதியே அந்த நொடியில் போய்விடும், 4.0இல் தெரிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் அனுமதி திரும்பிவிடும். அந்தப் பழைய விதியை வைத்தே வசூல் செய்பவர்கள் இருக்கிறார்கள். வெப்சைட் தீமோடு (ரெடிமேட் வடிவமைப்பு) வரும் மாதிரிப் படங்களையும் நம்பாதீர்கள், பல தீம்களின் லைசென்ஸ் அவற்றுக்குப் பொருந்தாது.

இன்னொரு வகை முழுப் போலி. "நீங்கள் திருடிய படங்களின் ஆதாரம் இங்கே" என்று ஒரு லிங்க் வரும், கிளிக் செய்தால் கம்ப்யூட்டரில் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் சாப்ட்வேர், இறங்கும். 2021இல் மைக்ரோசாஃப்டே இதைப் பற்றி எச்சரித்தது. எனவே எந்த நோட்டீஸ் வந்தாலும் லிங்கைத் தொடாமல், அனுப்பியவரை நீங்களே தனியாகத் தேடிப் பாருங்கள்.

படத்தை உண்மையிலேயே லைசென்ஸ் இல்லாமல் போட்டிருந்தால் கதை வேறு, எடுத்தவருக்குச் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும். படத்தை உடனே நீக்கிவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள், அதே படத்தின் லைசென்ஸ் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்து அதிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள். தொகை பெரிதாக இருந்தாலோ கோர்ட்டிலிருந்தே தபால் வந்தாலோ வக்கீலிடம் போய்விடுங்கள். பணம் கட்டும் முன், இந்தப் படத்துக்காக இனி யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள் என்று படத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, உரிமையாளர் பெயரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.