டெபியனா, உபுண்டுவா, ஆர்ச்சா: கரண்ட் போன பிறகு எது எழுந்திருக்கிறது?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கற்பூர மரம் ஒன்று எங்காவது லைன் மேல் சாயும். கரண்ட் போகும். எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, மெழுகுவர்த்தி எங்கே என்றுதான் தேடுவோம். அந்த நேரம் பார்த்துக் கணினியில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால்? ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டிடிபி என்று கடை வைத்திருக்கும் எனக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டும் லினக்ஸின் வகைகளான டெபியன், உபுண்டு, ஆர்ச் மூன்றில் எது என்ற கேள்வி கடைசியில் இதில்தான் வந்து நின்றது.

என் கணக்கில் இருப்பவை ஐந்து. கடையில் மூன்று: இரண்டில் டெபியன், ஒன்றில் உபுண்டு 24.04. கீழே ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) தேயிலை எடை போடும் ஷெட்டில் ஒரு கிழட்டு மிஷின், அதுவும் டெபியன். ஐந்தாவது அக்கா மகனின் லேப்டாப். அவன் கோவையில் படிக்கிறான், ஆர்ச் தவிர வேறு எதையும் தொடமாட்டான். நான் டெபியன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அலசலும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

மூன்றும் இலவசம். தமிழ் எழுத்துரு, தட்டச்சு, பிரிண்டர் எல்லாம் மூன்றிலும் ஓடும். தோற்றத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, இரண்டே நாளில் கண் பழகிவிடும். இங்கே உள்ளவர்களுக்கு டெபியன் என்ற பெயர் புதிதாக இருந்தாலும் வாடை புதிதல்ல. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, சி-டாக் உருவாக்கிய அது டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். பாதிப் பிள்ளைகள் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

இனி கரண்ட்.

போன வருடம் ஒரு சாயங்காலம் ஷெட்டிலிருந்து இலை ஏஜெண்ட் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, கரண்ட் போயிட்டு வந்துச்சு. மிஷின் கருப்பா நிக்குது, வெள்ளை எழுத்தா ஏதோ ஓடி அப்படியே நின்னுருச்சு." சிஸ்டத்தின் மையமான கர்னலின் அப்டேட் பாதியில் அறுந்திருக்கிறது என்று புரிந்தது. வெளியே கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரை எடுக்க மனமில்லை.

"அண்ணா, அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. நீலமா ஒரு பட்டியல் வரும், ரெண்டாவது வரிக்கு இறங்கி என்டர் அடிங்க. உள்ளே இன்னொரு பட்டியல் வருங்களா? அதுல மூணாவது வரி."

வந்துவிட்டது. புதுக் கர்னலை வைத்தாலும் பழைய கர்னலை டெபியன் உடனே தூக்கி எறிவதில்லை, முந்தையது அப்படியே இருக்கும். அதில் ஏறி உள்ளே போய்விட்டார். அடுத்து டெர்மினல், கட்டளை தட்டும் ஜன்னல். "எஸ், யூ, டி, ஓ. இடம் விடுங்க. டி, பி, கே, ஜி. இடம் விடுங்க. கோடு ரெண்டு..." அங்கே நிறுத்தினார். "கோடு நடுவுலயா, அடியிலயா தம்பி?" நடுவில்தான் அண்ணா. பிறகு கான்ஃபிகர், இடம், ஒரு கோடு, ஏ. என்டர் தட்டியதும் வரிகள் ஓடுகிற சத்தம் கேட்காவிட்டாலும் அவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. பன்னிரண்டு நிமிடம். அதில் பாதி கோடு எங்கே என்ற விசாரணை.

அந்த ஒரு வரி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். டெபியனில் நிரல்களை நிறுவும் கருவியான டிபிகேஜி ஒரு பேக்கேஜைப் (நிரல் பொதியை) பிரிக்கும்போது புதுக் கோப்பைப் பழையதன் மேல் நேராக எழுதுவதில்லை. பக்கத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி, அது டிஸ்க்கில் இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பெயரை மாற்றி இடத்தில் வைக்கிறது. நடுவில் கரண்ட் போனால் அந்த இடத்தில் பழைய கோப்பு இருக்கும், இல்லையென்றால் புதியது இருக்கும். அதோடு எந்தப் பேக்கேஜ் பிரித்த நிலையில் நிற்கிறது, எது பாதி அமைத்த நிலையில் நிற்கிறது என்று தனியாக ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டே போகும். நாம் சொல்லும் கட்டளை அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வதுதான். அப்போதும் சிக்கல் மிச்சம் இருந்தால் நெட்டிலிருந்து பேக்கேஜ்களை இறக்கித் தரும் ஆப்ட்டிடம் மைனஸ் எஃப் போட்டு இன்ஸ்டால் என்றால் விட்டுப்போன துணைப் பேக்கேஜ்களை இழுத்துப் போட்டுக்கொள்ளும். எனக்கு இந்த இரண்டைத் தாண்டிப் போக வேண்டி வந்ததில்லை.

தானாக ஓடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸும் இதே கவலையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. மொத்த அப்டேட்டையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் செய்யும், நடுவில் அணைத்தாலும் ஒரு துண்டுதான் போகும். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் தொடங்காது. இரண்டும் தொடக்க அமைப்பிலேயே இருப்பவை. உபுண்டுவில் இது கையோடு வருகிறது. டெபியனில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நிறுவிக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பு: காலையில் கடை திறந்ததும் மிஷின் மந்தமாக இருக்கிறது, ஏதாவது நிறுவப் போனால் 'லாக் கிடைக்கவில்லை' என்கிறது என்றால், இரவு விட்டுப்போன அப்டேட் இப்போது ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட் ஓடாமல் தடுக்கும் லாக் கோப்பை அழிக்காதீர்கள். நான் ஒருமுறை அழித்தேன், அந்த மதியம் முழுக்க அதற்கே போனது.

ஆர்ச்சுக்கு வருவோம். தீபாவளி லீவுக்கு வந்த மருமகன் இரண்டு மாத அப்டேட்டை ஒரே மூச்சில் போட உட்கார்ந்தான். லேப்டாப் பேட்டரி செத்து ஆறு மாதம், நேராகப் பிளக்கில்தான் ஓடும். கரண்ட் போனது. திரும்பிப் போட்டால் எழவில்லை. அவன் வைத்திருந்தது ஒரே கர்னல், அதுவும் பாதியில் மாறிக்கொண்டிருந்த கர்னல். என் கடையில் பென் டிரைவில் ஆர்ச் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை ஏற்றி, அதில் பூட் செய்து, டிஸ்க்கை மவுண்ட் செய்து, ஆர்ச்-சிரூட் கட்டளை வழியே பழுதான சிஸ்டத்துக்குள் நுழைந்து, ஆர்ச்சின் நிறுவல் கருவியான பேக்மேன் விட்டுப்போன லாக்கை நீக்கிவிட்டு மறுபடி முழு அப்டேட். அப்போதும் பல நிரல்கள் பகிரும் சில நூலகக் கோப்புகள் பூஜ்யம் பைட்டில் காலியாகக் கிடந்தன, அந்தப் பேக்கேஜ்களைத் தேடித் தேடித் திரும்பப் போட்டான். "இதுல தப்பு ஆர்ச் மேல இல்ல மாமா, எல்டிஎஸ்னு நீண்ட கால ஆதரவு உள்ள கர்னலையும் பக்கத்துல வச்சிருந்தா இந்த வம்பே இல்ல" என்றான். உண்மைதான். ஆனால் அதைச் செய்ய அவனுக்குத் தெரிந்தது, ஷெட் அண்ணனுக்குத் தெரியாது. பென் டிரைவில் பூட் செய்வதை ஃபோனில் சொல்லித்தர எனக்கும் பொறுமை இல்லை.

ஆர்ச்சில் இன்னொரு விஷயம், அது ஓய்வு கொடுக்காது. பாதி அப்டேட் என்பதையே அது ஆதரிப்பதில்லை, ஒன்றைப் புதுப்பித்தால் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் மூடி வைத்துத் திறந்தால் பேக்கேஜ் அசலா என்று சரிபார்க்கும் கையொப்பச் சாவிகள் பழசாகி எதையும் நம்பமாட்டேன் என்னும், சாவிகள் உள்ள கீரிங் பேக்கேஜை முதலில் புதுப்பித்த பிறகே மற்றதெல்லாம். தினம் உட்காருபவனுக்கு இது சிரமமே இல்லை. சீசன் முடிந்தால் மூடிக் கிடக்கும் ஷெட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

இதைச் சொன்னால் "உங்க டெபியன் 12-ல எல்லாமே பழசு, ஓபன்எஸ்எஸ்ஹெச் இன்னும் 9.2, அது ஓட்டை" என்று மருமகன் கிளப்புவான். வேறு கணினிக்குள் தூரத்திலிருந்து நுழைய உதவும் நிரல் அது. பதிப்பு எண்ணின் தலையை மட்டும் பார்ப்பவர்கள் செய்கிற தவறு இது. டெபியன் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் அடைக்கும். 2024 ஜூலை 1 அன்று வெளியான ரெக்ரெஎஸ்எஸ்ஹெச்சயன் ஓட்டைக்கு டெபியன் 12 கொடுத்த மருந்து '9.2பி1-2+டெப்12யு3'. தலை அதேதான், வால் மாறியிருக்கிறது. அதே வருடம் மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் யாரோ பின்வாசல் வைத்திருப்பது வெளியே வந்தது. எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தது. கெட்டுப்போனவை 5.6.0, 5.6.1 பதிப்புகள். டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்ற சோதனைக் கிளைகளுக்குள் அது வந்துவிட்டது, நாங்கள் போடும் ஸ்டேபிளுக்கு வரவில்லை. ஆர்ச்சும் அந்தப் பதிப்பைக் கொடுத்திருந்தது. அதன் எஸ்எஸ்ஹெச் அந்த நூலகத்தோடு நேரடியாக இணையாததால் அந்த வழியில் ஆபத்து வரவில்லை. பழசு என்பது சில நாள் நல்லது.

எப்போதும் அல்ல. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாக வேண்டிய நாளில், அதன் 6.1.64 கர்னலில் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறை உள்ள டிஸ்க்கில் தரவைக் கெடுக்கும் பிழை இருப்பது தெரிந்து, வெளியீட்டை நிறுத்தி, அடுத்த நாள் டிசம்பர் 10 அன்று 12.4 விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு தானாக அப்டேட் போடுபவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் செய்தி. எங்கள் ஷெட்டில் அன்று கரண்ட் இல்லை, மிஷின் அணைந்து கிடந்தது. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

ரெக்ரெஎஸ்எஸ்ஹெச்சயன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஷெட் மிஷினுக்குக் கடையிலிருந்தே உள்ளே போக எஸ்எஸ்ஹெச் வைத்திருக்கிறேன். ஜூலை மூன்றாம் வாரம் எதற்கோ பார்த்தால் அந்த மருந்து அங்கே ஏறவே இல்லை. கையால் அப்டேட் கொடுத்தேன். 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தது. நெட்டில் கோளாறு என்று நினைத்து ஒரு மணி நேரம் வீண். கடைசியில் தேதியைப் பார்த்தேன், ஜூன். இலைக் கணக்கு நிரல் அன்றைய தேதியைத்தான் சீட்டில் அடிக்கும். போன மாதச் சீட்டு தொலைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று யாராவது விவசாயி வந்தால் அண்ணன் கணினித் தேதியைப் பின்னால் தள்ளி அடித்துக் கொடுப்பார். அது நிலைக்க வேண்டுமென்று நேரத்தை நெட்டிலிருந்து எடுப்பதை நான்தான் அணைத்தும் கொடுத்திருந்தேன். ஒருநாள் திருப்பி வைக்க மறந்துவிட்டார். நாளைய தேதியிட்ட செக்கை வங்கி வாங்காத மாதிரி, வருங்காலத் தேதி போட்ட பட்டியலை ஆப்ட் வாங்க மறுத்திருக்கிறது. இது எந்த லினக்ஸ் வகையிலும் நடக்கும், ஆர்ச்சில் கையொப்பக் கோளாறாகத் தெரியும். அப்டேட் வரவில்லையா, முதலில் தேதியைப் பாருங்கள்.

உபுண்டுவுக்கு நியாயம் செய்ய வேண்டும். கரண்ட் விஷயத்தில் அதுவும் டெபியனும் ஒன்றேதான், அதே ஆப்ட், அதே டிபிகேஜி, பழைய கர்னலும் இருக்கும். நான் விலகியதற்குக் காரணம் ஸ்னாப், அதாவது ஆப்ட்டுக்கு வெளியே நிரல்களைத் தரும் உபுண்டுவின் தனி வழி. ஃபயர்ஃபாக்ஸ் அதில் ஸ்னாப்பாக வருகிறது. ஸ்னாப்புகள் தொடக்க அமைப்பில் நாளுக்கு நான்கு முறை தாங்களே புதிது உண்டா என்று பார்த்து இறக்கிக்கொள்ளும். ஃபைபர் உள்ளவர்களுக்கு இது ஒன்றுமில்லை. மழையில் ஃபைபர் அறுந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கடை ஓட்டும் நாளில், ஒருவர் விண்ணப்பத்துக்கு ஃபோட்டோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது எனக்கு அது வேண்டாம். ஹோல்ட் என்று சொல்லி நிறுத்தி வைக்கலாம். வைத்தேன். நிறுத்தி வைத்ததை நினைவு வைத்துக்கொண்டு பிறகு விட வேண்டியதும் என் தலையில்தானே? டெபியனில் எல்லாம் ஒரே வழியில் வருவதால் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டுவிட்டேன். ஒன்று இறக்கியதை மற்றொன்று அதனிடமே வாங்கிக்கொள்கிறது.

ஆனால் ஒரு மிஷினை வைத்துவிட்டு வருடக்கணக்கில் பதிப்பு மாற்றாமல் ஓட்ட நினைப்பவருக்கு உபுண்டுதான். எல்டிஎஸ் எனும் நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் ஐந்து வருடம், உபுண்டு ப்ரோவில் பதிவு செய்தால் பத்து, ஐந்து கணினி வரை அது இலவசம். டெபியனில் மூன்று வருடமும் அதன் மேல் எல்டிஎஸ் குழு பார்த்துக்கொள்ளும் இரண்டு வருடமும். கடையில் மூன்றாவது மிஷினில் உபுண்டுவை விட்டு வைத்திருப்பது அதனால்தான்.

ஸ்னாப் வேண்டாம், உபுண்டு வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட் இருக்கிறது, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட்டும் கூடவே வரும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸை ஒரு நண்பர் வீட்டில் சில வாரம் மட்டும் பார்த்தேன். அப்டேட்டை ரீபூட் சமயத்தில் தனியாகப் போடுகிற முறை பிடித்தது, ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான் ஆயுள் என்பது பிடிக்கவில்லை. கரண்ட் போய் அது எழுந்ததை நான் பார்த்ததில்லை, அதனால் மதிப்பெண் போடவில்லை.

இப்போது எனக்கிருக்கும் தலைவலி டெபியன் கொடுத்தது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த 13-ஆம் பதிப்பில் 32-பிட் கணினிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. ஆர்ச் இதை 2017-லேயே கைவிட்டுவிட்டது, உபுண்டுவும் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன, இவர்கள்தான் இவ்வளவு நாள் தாங்கினார்கள். ஷெட் மிஷின் 32-பிட். அண்ணனிடம் சொன்னேன். "நல்லாத்தானே ஓடுது தம்பி, ஃபோன்ல சொன்னா நானே அடிச்சுக்கறேன், இப்போ கோடு எங்க இருக்குன்னு தெரியும்" என்றார். மேட்டுப்பாளையத்தில் பழைய 64-பிட் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். அடுத்த வாரம் இலை லாரி கீழே போகும்போது பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.