4,350 டொலர், மாற்றாத ஒரு பேரிங்: பழைய பொக்ஸ்டர் கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும்

"அண்ணா, 90 நாள் போய்விட்டது. இனி நான் ஒன்றும் செய்ய முடியாது."

இன்று மாலை நாலரை மணிக்கு அந்தக் கராஜ்காரர் சொன்ன கடைசி வார்த்தைகள் இவை. சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். இப்போது இரவு ஒன்பதரை. சாப்பாடு ஆறிக்கிடக்கிறது. என் கோபம் ஆறினால் இதை எழுத மாட்டேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 4,350 டொலர். முழுவதையும் தாளாக எண்ணிக் கொடுத்தேன், இந்தக் கையால்.

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு போர்ஷே பொக்ஸ்டர். 2.7 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், வெள்ளி நிறம். பணக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ரொறன்ரோவில் இந்த வயதுப் பொக்ஸ்டர் ஒன்றை ஒரு சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கு வாங்கலாம். வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் கஷ்டம். ஒயில் மாற்றுவது, பிரேக் கட்டை போடுவது எல்லாம் நானே வீட்டு வாசலில் செய்பவன். ஒயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஒயில் பில்டரின் மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பேன். இந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

தெரியாதவர்களுக்காக: இந்த எஞ்சினுக்குள் இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டின், சுழற்சியை வாங்கி, சங்கிலிகள் வழியாக வால்வுகளை இயக்கும் பக்கத்துக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் ஒரு முனையைத் தாங்குவது ஒரு சிறிய பேரிங். ஐ.எம்.எஸ். பேரிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மூடி போட்ட பேரிங் அது. காலப்போக்கில் மூடியைத் தாண்டி எஞ்சின் ஒயில் உள்ளே போய், இருந்த கிரீஸைக் கழுவிவிடும். ஆனால் பேரிங்குக்குள் உருளும் இரும்புக் குண்டுகளைக் குளிர்விக்கப் போதுமான ஒயில் அங்கே சுற்றாது. பேரிங் சிதறினால் தண்டு ஆடும், சங்கிலியின் கணக்குத் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதும். புது எஞ்சினின் விலை காரின் விலையைத் தாண்டும். 2001 மே முதல் 2005 பெப்ரவரி வரை தயாரான கார்களுக்காக அமெரிக்காவில் போர்ஷேமீது உரிமையாளர்கள் சேர்ந்து போட்ட ஒரு குழு வழக்கே நடந்து 2013இல் சமரசமானது. என் கார் அந்தக் காலத்துக்குள் கச்சிதமாக விழுகிறது.

எல்லாப் பேரிங்கும் உடைவதில்லை. ஆனால் இதைப் படித்தபிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் அதுவாகத்தான் இருக்குமோ என்று வயிறு கலங்கும். அந்தப் பயத்தைத்தான் அவர் விற்றார்.

கராஜின் பெயரைச் சொல்ல மாட்டேன். நகரின் கிழக்கே ஒரு தொழிற்பேட்டையில், ஐரோப்பியக் கார்கள் மட்டும் திருத்துகிறோம் என்று சொல்லும் சிறிய இடம். நடத்துபவர் எங்கள் ஆள், தமிழர், என்னைவிடப் பத்து வயது இளையவர். போன கோடையில் உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் போட்டுவிட்டு சக்கர அலைன்மென்டுக்காக முதன்முதலாகப் போனேன். 140 டொலர். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சடித்துத் தந்தார், சுத்தமான வேலை. அன்று சக்கர நட்டுகளின் பூட்டுச் சாவியை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். இரவு எட்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவர், கையில் சாவி. "இது இல்லாமல் வழியில் டயர் போனால் என்ன செய்வீர்கள் அண்ணா? வீட்டுக்குப் போகும் வழிதானே என்று கொண்டுவந்தேன்." மனைவி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார்.

யோசித்துப் பார்த்தால் நான் ஏமாந்தது ஒக்டோபரில் இல்லை, அந்தப் பிளேன்டீயில்தான்.

செப்ரெம்பரில் கிளட்ச் கனக்கத் தொடங்கியது. 141,000 கிலோமீற்றர் ஓடிய கார், எதிர்பார்த்ததுதான். கிளட்ச் மாற்ற கியர்பொக்ஸை இறக்க வேண்டும். கியர்பொக்ஸும், கிளட்ச் பொருந்தும் கனத்த சக்கரமான ப்ளைவீலும் கழன்றால் அந்தப் பேரிங் கண்முன்னே இருக்கும், கையோடு மாற்றிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இதை நான் அவரிடம் சொன்னதும் எழுந்துபோய் ஒரு இழுப்பறையைத் திறந்தார். துணியில் சுற்றிய ஒரு பேரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துச் சுழற்றச் சொன்னார். கரகரவென்று மணல் அரைபடுவதுபோல் சுழன்றது. வெளிவளையத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு சிறு கோடு. "உங்கள் மாதிரி ஒருவரின் கார்தான். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் எஞ்சின் போயிருக்கும்." என் கை உண்மையாகவே வியர்த்தது.

செராமிக் குண்டுகள் கொண்ட பேரிங் கிட், கிளட்ச், பின் எஞ்சின் சீல் (எஞ்சினின் பின்பக்கம் ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம்), கூலி எல்லாம் சேர்த்து 4,350. "பணமாகத் தந்தால் வரி இல்லை அண்ணா, எங்களுக்குள் எதற்கு பில்?" ஒன்ராறியோவில் 13 சதவீத வரி. 565 டொலர் மிச்சம் என்று என் மனக்கணக்கு ஓடியது. மதிப்பீட்டை ஒரு விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் எழுதித் தந்தார். ஒரே ஓர் எண், வேறு எதுவும் இல்லை. அந்த 565 டொலருக்கு ஆசைப்பட்டு 4,350 டொலரைக் கொடுத்தேன். திட்டுபவர்கள் திட்டலாம், எனக்கு இது வேண்டும். (மனைவியிடம் 2,000 என்று சொல்லியிருந்தேன். இதை அவர் படித்தால் அதுவும் வெளியே வரட்டும்.)

ஒக்டோபர் கடைசியில் காரை எடுத்தேன். கிளட்ச் வெண்ணெய் மாதிரி. "சட்டப்படி கழற்றிய பாகத்தை உங்களிடம் தர வேண்டும்" என்று ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய பேரிங்கைப் போட்டுக் கொடுத்தார். ஒயில் வழிய, கறுப்பாக, பார்க்கவே பயங்கரமாக. கைகொடுத்துவிட்டு வந்தேன். வேலை நடக்கும்போது ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தேன், போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டதாம். அதையும் நம்பினேன்.

வீதியில் உப்புப் போடத் தொடங்கினால் இந்தக் கார் வெளியே வராது. நவம்பர் முதல் வாரமே என் வீட்டுக் கராஜுக்குள் ஏற்றி மூடிவிட்டேன். ஏப்ரலில் எடுத்து மூன்றாவது நாள், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால், சாப்பாட்டுத் தட்டளவு ஒயில். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டுகிறது. வேலை செய்தபிறகு கார் ஓடிய தூரம் வெறும் 210 கிலோமீற்றர்.

அழைத்தேன். "புது சீல் அண்ணா, பதிந்து வர நாள் எடுக்கும்." இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தேன். கார் தூக்கும் லிப்ட் பழுதாம். அடுத்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். போனால் ஷட்டர் இழுத்துப் பூட்டியிருக்கிறது. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. வேறொரு நாள் நேரே போனபோது அங்கே நின்ற பையன், முதலாளி விடுமுறையில் என்றான். முதலாளியின் வான் பின்னால் நின்றது.

பொறுமை போய், ஸ்காபரோவில் தனியாக வேலை செய்யும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும், அப்படிப்பட்ட மனிதர். போன வியாழக்கிழமை கியர்பொக்ஸை இறக்கினார். கிளட்ச் தட்டு புதிதுதான், ஆனால் எந்தத் தயாரிப்பாளரின் பெயரும் இல்லாத ரகம். ப்ளைவீலின் போல்ட்டுகள் பழையவை. ஒருமுறை முறுக்கினால் இழுபட்டுவிடும் போல்ட்டுகள் அவை, கழற்றினால் புதிது போட்டே ஆக வேண்டும். பின் சீல் புதிது, ஆனால் சுத்தியலால் அடித்து இறக்கியதுபோல் ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஒயில் வந்தது அதனால்.

ப்ளைவீலும் கழன்றபிறகு என்னைக் கூப்பிட்டு டோர்ச்சைக் கையில் தந்தார். பேரிங்கை மூடியிருக்கும் தட்டு, அதைப் பிடிக்கும் மூன்று போல்ட்டுகள். அதன்மேல் இருபது வருடத்துக்கும் மேலான ஒயிலும் தூசியும் சேர்ந்து தார்போல் காய்ந்திருந்தன. அவர் கட்டைவிரலால் ஒரு போல்ட்டின் தலையைத் துடைத்தார். உள்ளே ஸ்பானர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை.

"தம்பி, இதை ஒருவரும் தொட்டதே இல்லை."

"பழைய பேரிங்கைக் கழற்றித் தந்தாரே ஐயா" என்று சொல்லி, காருக்குள்ளேயே வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தேன். மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார். விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "எத்தனை வரிசைக் குண்டு?" என்றார். இரண்டு வரிசை. "உங்கள் காரில் ஒற்றை வரிசை. ஆரம்பகாலக் கார்களில்தான் இரட்டை." கறுப்பு போன வெளிவளையத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு சிறு கோடு.

இழுப்பறையிலிருந்து எடுத்து என் கையில் வைத்த அதே பேரிங். ஒயில் பூசித் திருப்பித் தந்திருக்கிறார். ஒற்றை வரிசை, இரட்டை வரிசை வித்தியாசத்தை இரவிரவாகப் படித்தவன் நான். பையைத் திறந்து ஒருமுறை துடைத்துப் பார்த்திருந்தால் போதும். ஆறு மாதம் அதை ஒரு வெற்றிக் கேடயம்போல் காருக்குள் வைத்திருந்தேன்.

சீலையாவது அவர் ஒழுங்காகப் போட்டிருந்தால் எனக்கு இது ஒருநாளும் தெரிந்திருக்காது. புதுப் பேரிங் இருக்கிறது என்ற தைரியத்தில் இந்தக் கோடையில் மொஸ்போர்ட் ஓட்டப்பாதைக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டியிருப்பேன். அதை நினைக்கத்தான் உடம்பு பதறுகிறது.

இன்று மாலை படங்களை எல்லாம் அனுப்பிவிட்டு அழைத்தேன். இந்தமுறை உடனே எடுத்தார். முதலில், அது தன் கராஜில் செய்த வேலையே இல்லை என்றார். பில் எங்கே என்று கேட்டார். பிறகு, தன்னிடம் முன்பு வேலை செய்த பையன் செய்திருக்கலாம், அவன் இப்போது இல்லை என்றார். கடைசியில் 90 நாள் கதை. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் திருத்தும் வேலைக்கும் போட்ட புதுப் பாகங்களுக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். என் கார் அந்த 90 நாளும் போர்வைக்குள் தூங்கியது அவருக்கு நன்றாகத் தெரியும். நானேதான் சொன்னேன், நவம்பரில் ஏற்றிவிடுவேன் என்று. ஆனால் செய்யாத வேலைக்கு என்ன உத்தரவாதம், என்ன 90 நாள்? போடாத பேரிங் எந்தத் தேதியில் காலாவதியாகும்? கேட்டேன். பதிலுக்குத்தான் போனை வைத்தார்.

அதே சட்டம், வேலை தொடங்குமுன் மதிப்பீடு தர வேண்டும் என்கிறது, மதிப்பீட்டைவிடப் பத்து சதவீதத்துக்குமேல் வாங்கக்கூடாது என்கிறது. தேவையான வரியை மட்டும் அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். என்னிடம் இருப்பது வங்கியில் பணம் எடுத்த பதிவு, விசிட்டிங் கார்டின் பின்னால் ஒரே ஓர் எண், படங்கள். பார்க்கலாம். பெரியவர் சரியாகச் செய்து தர 3,900 கேட்கிறார், பில்லோடு, வரியோடு. அவர் கேட்பது நியாயம். ஆனால் ஏற்கெனவே 4,350 போனவனுக்கு அந்த நியாயம் இனிக்கவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தலை வலிக்கிறது. அவசரமாகச் சில: பணமாகக் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் பில் இல்லாமல் கொடுக்காதீர்கள். பேரிங் கிட்டின் பெட்டியைக் கேளுங்கள், தொடர் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கியர்பொக்ஸ் கீழே இருக்கும்போது நேரே போய் நின்று பாருங்கள், உங்கள் காரின் இலக்கத்தகடும் தெரியும்படி படம் எடுங்கள். பழைய பாகத்தை வாங்கினால் அங்கேயே துடைத்துப் பாருங்கள். பனிக்காலத்துக்கு முன் பெரிய வேலை செய்யாதீர்கள், வசந்தத்தில் செய்யுங்கள், 90 நாளும் ஓட்டிப் பார்க்கலாம்.

இன்னொன்று. அந்தப் பேரிங் இப்போது என் சமையலறை மேசையில் இருக்கிறது. இரட்டை வரிசை, வெளிவளையத்தில் மஞ்சள் கோடு. யாரோ ஒருவரின் ஆரம்பகாலப் பொக்ஸ்டரிலிருந்து உண்மையாகவே கழற்றியது. உங்களுக்கும் யாராவது இழுப்பறையைத் திறந்து, துணியை விரித்து, மஞ்சள் கோடு போட்ட ஒரு பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றச் சொல்லியிருந்தால், அல்லது அது உங்கள் காரில் இருந்ததாகவே இருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.