தட்டம்மை, ரூபெல்லா மாதாந்திரத் தரவுக்கோப்பு: கடைசி நெடுவரிசைக்கே முழு மதிப்பெண்

உலக சுகாதார நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் தட்டம்மை, ரூபெல்லா எக்செல் கோப்பைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. இலவசம். ஒரு வரிக்கு ஒரு நாடு, ஒரு மாதம். நாடுகளின் கண்காணிப்பு அமைப்புகள் அனுப்பும் எண்ணிக்கை அப்படியே வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும்.

முன்பு ஆய்வகத்தில் காய்ச்சல், தடிப்பு என்று வரும் ரத்த மாதிரிகளில் ஐஜிஎம் (புதிதாகத் தொற்று வந்ததும் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்) சோதனை செய்துகொண்டிருந்தவள் நான். அதனால் கோப்பைத் திறந்தால் கண் முதலில் கடைசி நெடுவரிசைக்குத்தான் போகும். சோதித்துப் பார்த்து, இது தட்டம்மையும் இல்லை, ரூபெல்லாவும் இல்லை என்று தள்ளிவைத்தவர்களின் எண்ணிக்கை அங்கே இருக்கிறது. பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. எனக்கோ மொத்தக் கோப்பின் உயிரும் அதில்தான்.

ஏன் என்கிறீர்களா? ஒரு நாட்டின் தட்டம்மை எண்ணிக்கை பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லையா, அல்லது யாரும் தேடவே இல்லையா? வைரஸ் காய்ச்சல்கள் பலவற்றில் தடிப்பு வரும். ஆகவே ஒழுங்காகத் தேடும் நாட்டில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு குறைந்தது 2 பேராவது இப்படித் தள்ளப்பட்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. மக்கள்தொகை ஒரு கோடி என்றால் 200 பேர். அந்த இடத்தில் 5, 6 என்று இருந்தால் அந்தப் பூஜ்யத்தை நான் நம்பமாட்டேன்.

அடுத்த நல்ல விஷயம், உறுதியானவற்றை மூன்றாகப் பிரித்திருப்பது: ஆய்வகத்தில் உறுதியானவை, உறுதியான நோயாளியோடு தொடர்பு இருந்ததால் சேர்த்தவை, அறிகுறியை மட்டும் வைத்துச் சேர்த்தவை. மூன்றாவது வகை வீங்கிக்கிடந்தால் மாதிரி எடுப்பதில் கோளாறு என்று அர்த்தம். மாதிரி எடுத்தாலும் நேரம் முக்கியம். தடிப்பு வந்த முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஎம் நெகட்டிவாக வர நல்ல வாய்ப்பு உண்டு. எங்களுக்கு வந்த பெட்டிகளில் தடிப்பு தொடங்கிய தேதியே எழுதாத படிவங்கள் இருக்கும். அந்த முடிவை எப்படிப் படிப்பது? அந்த எரிச்சலெல்லாம் கோப்பில் தெரியாது. தேதி எழுதாத மாதிரியும் அங்கே ஒரு எண்தான்.

சரி, குறைகளுக்கு வருவோம். வயது இல்லை, தடுப்பூசி போட்டவரா என்ற விவரம் இல்லை, நாட்டுக்குள் எந்தப் பகுதி என்பதும் இல்லை. வைரஸின் மரபணு வகையும் இல்லை. கனடா 1998-இல் தட்டம்மையை ஒழித்த நாடு. 2024 அக்டோபரில் தொடங்கிய பரவல் 12 மாதங்களுக்கு மேல் அறுபடாமல் போனதால் 2025 நவம்பரில் அந்தத் தகுதியை இழந்தது. மாதத்துக்கு மாதம் நோயாளிகள் இருந்ததை இந்தக் கோப்பு காட்டும். அவர்கள் எல்லாரும் ஒரே பரவல் சங்கிலியைச் சேர்ந்தவர்களா, வெளியிலிருந்து புதிதாக வந்த தொற்றுகளா என்பதைக் காட்டாது. அதற்கு நாடுகளின் சொந்த அறிக்கைகளைத்தான் தேட வேண்டும். அவற்றில் சில வாரந்தோறும் வருகின்றன.

ரூபெல்லாவுக்கு இங்கே இரண்டாம் இடம்தான். பாதிப்பேருக்கு அறிகுறியே இல்லாமல் போகக்கூடிய நோய் அது. தட்டம்மைக்கு விரித்த வலையில் சிக்குவதுதான் கணக்கில் வருகிறது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தொற்றினால் பிறக்கும் குழந்தைக்குக் காது, கண், இதயம் எல்லாம் பாதிக்கப்படலாம். அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கைக்குக் கோப்பில் ஒரு நெடுவரிசைகூட இல்லை. இது எனக்குப் பெரிய குறை.

அப்புறம், எண்கள் பின்னோக்கி மாறும். இவை தற்காலிகத் தரவு. நாடுகள் தாமதமாக அனுப்புவதும் திருத்துவதும் சகஜம். கடைசி ஓரிரு மாதங்களில் வரைபடம் இறங்குவதைப் பார்த்து, நோய் குறைகிறது என்று சொல்லிவிடாதீர்கள். நாடுகள் ஆண்டுக்கொரு முறை அனுப்பும் அதிகாரபூர்வ எண்ணிக்கையோடும் இது ஒத்துப்போகாது.

5-க்கு 3.5 தருவேன். பழைய பதிப்புகளைத் தேதி போட்டுச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் என்ன எண் இருந்தது என்று ஒப்பிட அப்போதுதான் முடியும்.