நாலடி மீன் தொட்டிக்கு எந்த ஸ்டாண்ட்: இரும்பு பைப்பா, ப்ளைவுட்டா, ஹாலோ பிளாக்கா?

நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்று ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர். 10 மி.மீ. கண்ணாடி மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 300 முதல் 350 கிலோ வரை வரும். இந்த எடையை, ஒழுங்காகச் செய்தால், மூன்று வகை ஸ்டாண்டுமே தாங்கிவிடும். சிக்கல் வருவது வேறு இடத்தில்: மேல்தளம் மட்டமாக இருக்கிறதா, நனைந்து நனைந்து இரண்டு வருடம் ஆன பிறகும் அப்படியே நிற்குமா? கண்ணாடி வளைந்து கொடுக்காது. ஒரு மூலை 2 மி.மீ. இறங்கினால் அந்த முறுக்கு முழுவதையும் சிலிக்கான் ஒட்டுதான் வாங்கிக்கொள்ளும்.

முதலில் இரும்பு. ஒன்றரைக்கு ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம், 20 அடி லென்த் இரண்டு போதும். 48 அங்குலத்தில் 4 துண்டு, 15 அங்குலத்தில் 6, 27 அங்குலத்தில் 6 வெட்டினால் 30 அங்குல உயரத்தில் ஆறு கால் ஸ்டாண்ட் கிடைக்கும். ஒரு லென்த்தில் இரண்டடிக்கு மேல் மிச்சமும் இருக்கும். 15 அங்குலத் துண்டில் நான்கு பக்கவாட்டுக்கு, இரண்டு மேல்சட்டத்தின் குறுக்கே.

"முன்னால் நடுக்கால் வேண்டாம், அழகாக இருக்காது" என்று பலரும் பட்டறையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நடுக்கால் இல்லாத 4 அடி இடைவெளியில் இந்தப் பைப் ஏறக்குறைய 3 மி.மீ. தொய்யும். மூலைகளில் வெல்டிங் பிடித்திருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் அடித்தொட்டி) வைக்கப் போகிறீர்கள், முன்பக்கம் திறந்தே இருக்க வேண்டும் என்றால் மேல்சட்டத்தை 2 அங்குல பைப்பாக மாற்றுங்கள்; தொய்வு ஒரு மி.மீ. சொச்சத்துக்கு வந்துவிடும். ஒன்றரை அங்குலத்திலேயே நடுக்காலை விட்டுவிடுவதுதான் தப்பு.

வெல்டிங்கில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். நாலு மூலையிலும் பொட்டு பொட்டாக மட்டும் வெல்டிங் வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே பக்கமாக ஓட்டாமல் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். மேல்பக்கத்தில் துருத்தும் வெல்டிங்கை கிரைண்டரில் வழித்துவிடாவிட்டால் தொட்டி அந்த நாலு முடிச்சின் மேல்தான் உட்காரும். நீளப் பைப்புகளின் எட்டு வாயையும் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான். தரை துடைக்கும் தண்ணீரும் தொட்டியிலிருந்து சொட்டுவதும் அதற்குள் போய், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து துருப்பிடிக்கும். நன்னீர்த் தொட்டிக்கு ரெட் ஆக்சைடு, மேலே இரண்டு கோட் எனாமல் போதும். கடல்நீர்த் தொட்டிக்கு எபாக்ஸி பூச்சு இல்லாமல் இரும்புப் பக்கமே போகாதீர்கள்.

ப்ளைவுட் பார்வைக்கு அழகு, வெல்டரைத் தேட வேண்டியதில்லை. 18 மி.மீ. மரைன் ப்ளை, பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். 8 அடிக்கு 4 அடி ஷீட்டை நீளவாக்கில் 18 அங்குலம், 30 அங்குலம் என்று கிழித்தால் முதல் பட்டையில் மேல்பலகை, அடிப்பலகை. இரண்டாவதில் இரண்டு பக்கமும் நடுத்தடுப்பும். ரம்பம் தின்னும் 3 மி.மீ.-ஐ உயரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். 30 அங்குலப் பட்டையில் இன்னும் 42 அங்குலம் மிஞ்சும். அதில் 23 அங்குலம் எடுத்து ஒரு அறையின் முதுகை அடைத்துவிடுங்கள். முதுகு இல்லாத ப்ளை ஸ்டாண்ட் பக்கவாட்டில் ஆடும். கதவுக்குத் தனி ஷீட் வாங்கியாக வேண்டும்.

மேல்பலகை பக்கப் பலகைகளின் தலைமேல் உட்கார வேண்டும். அலமாரி செய்து பழகிய ஆசாரி அதை நடுவில் சொருகி ஸ்க்ரூ போடப் பார்ப்பார். அப்படிச் செய்தால் மொத்த எடையும் நாலைந்து ஸ்க்ரூவில் தொங்கும். வெட்டிய ஓரங்கள்தான் ப்ளையின் பலவீனம். தண்ணீரும் கரையானும் அங்கிருந்துதான் நுழையும். கேனிஸ்டர் ஃபில்டருக்குப் போடும் குழாய் ஓட்டையின் உள்வாய் உட்பட எல்லா ஓரத்துக்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும். பார்ட்டிக்கிள் போர்டு டி.வி. யூனிட்டில் தொட்டி வைக்கலாமா என்றால், கூடாது. ஒருமுறை ஊறினால் உப்பிப்போய் ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிடும்.

ஹாலோ பிளாக் மூன்றிலும் மலிவு. துரு, கரையான் கவலை கிடையாது. 16×8×8 அங்குலக் கல் 9 எடுத்து, மூன்று மூன்றாக அடுக்கினால் 24 அங்குல உயரத்தில் மூன்று தூண். இடையே 12 அங்குலம்தான் இடைவெளி. மேலே கடப்பா கல், அதன்மேல் ப்ளை. கல்லின் ஓட்டை மேல்நோக்கி இருக்க வேண்டும்; பக்கவாட்டில் திருப்பி வைத்தால் சுவர் மெலிந்த பக்கம் எடையை வாங்கி உடையும். சிமென்ட் வேண்டாம் என்பதால் வாடகை வீட்டுக்குத் தோது. ஓடியாடும் குழந்தை இருக்கும் கூடத்துக்கு இது சரிப்படாது, மாடியில் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளுக்குப் பேஷ்.

நாலடித் தொட்டிக்கு எங்கள் ஓட்டு இரும்புச் சட்டம், அதன்மேல் 18 மி.மீ. மரைன் ப்ளை. இரண்டரை அடிக்குள் என்றால் ப்ளைவுட்டே தாராளம்.

ஃபிரேம் இல்லாத கண்ணாடித் தொட்டிக்கு அடியில் 10 மி.மீ. தெர்மாகோல் போடுங்கள்; அடியில் பிளாஸ்டிக் ஃபிரேம் இருந்தால் வேண்டாம். பிறகு 4 அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டு, நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். டைல்ஸ் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிந்திருக்கலாம். வித்தியாசம் தெரிந்தால் தண்ணீரை இறைத்துவிட்டு ஸ்டாண்டின் காலடியில் தகடு கொடுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அட்டை சொருகினால், சொருகிய இடத்தில்தான் அடிக்கண்ணாடி விரியும்.