என்ஜின்எக்ஸ் ஓப்பன் ஃபைல் கேஷ்: ஆன் பண்ணலாமா வேணாமா?

படம், சிஎஸ்எஸ், ஜேஎஸ்னு சின்னச் சின்ன ஃபைலா ஆயிரக்கணக்குல சர்வ் பண்றவங்களுக்குதான் என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வரோட ஓப்பன் ஃபைல் கேஷ் வசதி பத்தின இந்த ரிவ்யூ, மத்தவங்க சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுக்க வேணாம். இந்த வசதி டிஃபால்ட்டா ஆஃப்லதான் வரும். ஆன் பண்றவங்கள்லயும் நிறைய பேர் இது ஃபைல் கன்டென்ட்டையே மெமரில வச்சுக்கும்னு நெனச்சுட்டு இருக்காங்க, அப்படி கிடையாது, அத கெர்னலோட பேஜ் கேஷ் (படிச்ச ஃபைல ஓஎஸ் மெமரில வச்சுக்கற இடம்) ஏற்கனவே பாத்துக்குது, இது பிடிச்சு வைக்கறது திறந்த எஃப்டி (ஃபைல் டிஸ்க்ரிப்டர், திறந்த ஃபைலுக்கு ஓஎஸ் குடுக்கற நம்பர்), சைஸ், கடைசியா மாறின நேரம் இதெல்லாம்தான்.

பலன் இருக்கா? இருக்கு. வொர்க்கர் (ரிக்வெஸ்ட்ட கவனிக்கற என்ஜின்எக்ஸ் ப்ராசஸ்) மேல எஸ்ட்ரேஸ் (ஒரு ப்ராசஸ் கெர்னல கேக்கறதையெல்லாம் காட்டற டூல்) போட்டு பாருங்க, கேஷ் இல்லாதப்போ ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓப்பன், எஃப்ஸ்டாட், சென்ட்ஃபைல், க்ளோஸ்னு ஓடிட்டே இருக்கும், ஆன் பண்ணினா சூடா இருக்கற ஃபைலுக்கு சென்ட்ஃபைல் மட்டும்தான் மிஞ்சும். லோக்கல் எஸ்எஸ்டில பெருசா தெரியாது, என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா வர்ற டிஸ்க்) நல்லாவே தெரியும்.

இப்போ வில்லங்கம். கேஷ் ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனி. மேக்ஸ் (கேஷ்ல எத்தன ஃபைல் வரைக்கும்ங்கற செட்டிங்) 10000னு போட்டு 8 வொர்க்கர் ஓடினா மொத்தம் 80000 எஃப்டி வரைக்கும் போகலாம். லினக்ஸ்ல ஒரு ப்ராசஸுக்கு எஃப்டி சாஃப்ட் லிமிட் (ஏத்திக்கக்கூடிய வரம்பு) பெரும்பாலும் 1024தான், சாக்கெட்டும் (நெட்வொர்க் கனெக்ஷனுக்கான எஃப்டி) அதுலேர்ந்துதான் போகணும், ப்ராக்ஸி பண்ற (ரிக்வெஸ்ட்ட பின்னாடி இருக்கற வேற சர்வருக்கு அனுப்பற) கனெக்‌ஷன்னா ரெண்டு எஃப்டி. வொர்க்கர் ஆர்லிமிட் நோஃபைல (இந்த லிமிட்ட மாத்தற என்ஜின்எக்ஸ் செட்டிங்) ஏத்தாம மேக்ஸ மட்டும் ஏத்தினா 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'னு லாக் நிறைஞ்சுடும்.

அடுத்தது டிப்ளாய், அதாவது புது ஃபைல சர்வர்ல ஏத்தறது. வேலிட்ங்கற செட்டிங்கோட டிஃபால்ட் 60 செகண்ட், அது வரைக்கும் ஃபைல் மாறுச்சான்னு திரும்பிக்கூட பாக்காது. இருக்கற ஃபைல் மேலயே எழுதினீங்கன்னா ஐநோட் (டிஸ்க்ல ஃபைலோட அடையாள எண்) அதேதான், கேஷ்ல இருக்கறது பழைய சைஸ், புது ஃபைல் பெருசா இருந்தா பாதியோட வெட்டி அனுப்பிடும். அதனால டெம்ப் பேர்ல எழுதி ரீநேம் பண்ணுங்க, கொஞ்ச நேரம் பழசு போகும் ஆனா முழுசா போகும். எரர்ஸ்ங்கற செட்டிங்க ஆன் பண்ணி வச்சா 404ஐயும் ஞாபகம் வச்சுக்கும், இப்பதான் ஏத்தின ஃபைல் 'இல்ல'ன்னு வந்தா பதறாதீங்க.

எனக்கு நிஜமா எரிச்சல் வர்ற இடம் இனாக்டிவ்ங்கற செட்டிங். 60 செகண்ட் தொடலன்னா மூடிடும்னுதானே நெனப்போம், ஆனா அதுக்குன்னு டைமர் கிடையாது, அடுத்து ஏதாவது ஃபைல் தேடி ரிக்வெஸ்ட் வந்தாதான் பழசு ஒண்ணு ரெண்டா வெளிய போகும். ட்ராஃபிக் இல்லாத வொர்க்கர் டெலிட் பண்ணின ஃபைல அப்படியே கட்டிப்பிடிச்சுட்டு இருக்கும், எல்எஸ்ஓஎஃப்ல (திறந்திருக்கற ஃபைல லிஸ்ட் போடற டூல்) 'டெலிட்டட்'னு காட்டும், டிஸ்க் இடமும் திரும்ப வராது. என்ஜின்எக்ஸ ரீலோட் பண்ணா புது வொர்க்கர் காலி கேஷோட வரும், பழைய வொர்க்கர் கையில இருக்கற கனெக்‌ஷன முடிச்சுட்டு போறப்போதான் இடம் விடும்.

மார்க் அஞ்சுக்கு நாலு. மேக்ஸ் 2000, மின் யூஸஸ் (எத்தன தடவ கேட்டா ஃபைல திறந்தே வச்சுக்கணும்ங்கற செட்டிங்) 2 வச்சு ஆரம்பிங்க, டிப்ளாய் ஸ்கிரிப்ட்ல ரீலோடும் ஒரு வரி சேத்துடுங்க.