பாம்பு இரையைத் தொடவில்லை: காத்திருப்பதா, கூண்டைத் திருத்துவதா, இரையை மாற்றுவதா, வாயில் ஊட்டுவதா?

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். பாம்பு அதற்கும் ஒரு படி மேலே போகும். அதற்குப் பிடித்த எலியையே கண்ணெதிரில் ஆட்டினாலும், மனமில்லை என்றால் தலையைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். நான் வளர்க்கும் ஆண் பால் பைத்தான் ஒரு முறை ஐந்து மாதம் எதையும் தொடவில்லை. (பெயரில் உள்ள பால் நாம் குடிக்கும் பால் அல்ல, பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ball. அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர்.) அந்த ஐந்து மாதத்தில், கேள்விப்பட்ட வழிகளில் பெரும்பாலானவற்றை முயன்றேன். அவற்றில் ஒன்றைச் செய்திருக்கவே கூடாது.

மொத்தம் நான்கு வழிகள் உண்டு: ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது, கூண்டின் நிலையைச் சரிசெய்வது, இரையையோ அதைக் கொடுக்கும் முறையையோ மாற்றுவது, வாயில் வைத்து ஊட்டுவது. ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளர்ந்த பாம்புக்கும் முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிக்கும் ஒரே விடை கிடையாது. வளர்ந்த பாம்புக்குப் பொறுமையாகத் தெரிவது குட்டிக்கு ஆபத்தாக முடியலாம்.

காத்திருத்தல்

செலவில்லாத வழி இது. ஆனால் வளர்ப்பவருக்கு மிகவும் கடினமான வழியும் இதுதான். பாம்பின் உடல் பட்டினிக்கென்றே வடிவமைந்தது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் பால் பைத்தான், எலிப்பாம்பு, விரியன் வகையைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பு ஆகிய மூன்றையும் ஏறக்குறைய ஆறு மாதம் இரையின்றி வைத்துப் பார்த்தார்கள். அவை ஓய்வு நேரத்து ஆற்றல் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. பட்டினியிலும் சில பாம்புகள் நீளத்தில் வளர்ந்தன. மூன்று வேளை உண்ணும் நம் வயிற்றைக் கொண்டு பாம்பின் பசியை அளக்கப் பார்ப்பதில்தான் பாதிக் கவலை பிறக்கிறது.

இரையை மறுப்பதற்கு இயல்பான காரணங்களும் பல. சட்டை உரிக்கும் முன் கண்கள் பால்போல் மங்கும். அந்த நாட்களில் பெரும்பாலான பாம்புகள் இரை எடுப்பதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இரையை மறக்கும். சினையாக உள்ள பெண் பாம்பும் அப்படியே. புதிதாக வீட்டுக்கு வந்த பாம்புக்கு இடம் பழகவே நாட்கள் ஆகும். அதை ஒரு வாரமாவது தொடாமல் விட்டுவிட்டு, பிறகு இரை கொடுப்பதே முறை.

காத்திருப்பதற்கும் கைகட்டிக்கொண்டு இருப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் காட்டுவது தராசு. கிராம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். வாரம் ஒரு முறை, மூடியுள்ள பெட்டியில் வைத்து எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தண்ணீர் குடித்தால் ஏறும், கழிவு வெளியேறினால் இறங்கும். நான்கைந்து வாரக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியும். என் பாம்பு தொடக்கத்தில் 1,480 கிராம். ஐந்து மாத முடிவில் 1,395. இழந்தது 85 கிராம், அதாவது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. தராசு இல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால், அது எலும்பும் தோலுமாகிவிட்டது என்று சத்தியம் செய்திருப்பேன். பத்து சதவீதத்தை எட்டினால் காத்திருப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அனுபவமுள்ள வளர்ப்போர் பலர் வைத்திருக்கும் கோடு. நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

காத்திருத்தலின் பெரிய குறை, சோம்பலுக்கு அது நல்ல திரையாகிவிடுவது. ‘ஆண் பாம்பு, பருவம் அப்படி’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு வாரத்தைக் கடத்தினேன். பிறகுதான் தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பி இடம் நகர்ந்திருந்ததைக் கவனித்தேன். வெப்பமான பக்கம் என்று நான் நம்பியிருந்த இடத்தில் 27 டிகிரிதான் இருந்தது.

கூண்டைத் திருத்துதல்

என் கணிப்பில் இதுதான் முதலில் செய்ய வேண்டியது. மற்ற மூன்று வழிகளும் இதற்குப் பிறகே. பாம்பால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க முடியாது. விழுங்கிய எலியைச் செரிக்க வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். வெப்பம் போதாவிட்டால் இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகவே குளிர்ந்த கூண்டில் இரையை மறுக்கும் பாம்பைப் பிடிவாதக்காரன் என்று சொல்லக் கூடாது. அது கணக்குத் தெரிந்தது.

பால் பைத்தானுக்கு வெப்பமான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. வீடுகளில் வளர்க்கும் இன்னோர் இனமான சோளப் பாம்புக்கு (corn snake) இவ்வளவு சூடு வேண்டாம். வெப்பமான பக்கம் 28 முதல் 30 டிகிரி போதும். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். அது சுவரின் கதையைச் சொல்லுமே தவிர, பாம்பு படுக்கும் தரையின் கதையைச் சொல்லாது.

வெப்பத்துக்கு அடுத்தது ஒளிவிடம், அதாவது பாம்பு ஒளிந்துகொள்ளும் இடம். இங்கே வளர்ப்போர் இரண்டு கட்சி. சிறிய பெட்டிக்கு மாற்றினால் உடனே இரை எடுக்கும் என்கிறது ஒரு கட்சி. பெரிய கூண்டே இயற்கைக்கு நெருக்கம் என்கிறது மற்றது. இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: பாம்பை அச்சுறுத்துவது கூண்டின் அளவு அல்ல, வெட்டவெளி. இரண்டு பக்கமும் உடல் உரசும் அளவுக்கு இறுக்கமான ஒளிவிடங்களும், நடுவில் இலைதழையும் மரப்பட்டையும் இருந்தால் பெரிய கூண்டிலும் அது இரை எடுக்கும். காலிக் கூண்டென்றால் சிறிய பெட்டிக்காரர்கள் பக்கம்தான் வெற்றி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா? வெப்பம் தவறாக இருந்தால் அந்த நிமிடமே சரிசெய்ய வேண்டும். மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் இரண்டு வாரம் விட்டு மாற்றுவதே மேல். ஒரேயடியாக மாற்றினால் பாம்புக்கு அது புது வீடு. பழகும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எது பலன் தந்தது என்பதும் தெரியாமல் போகும்.

நான் வெப்பத்தைச் சரிசெய்த பிறகும் என் பாம்பு உடனே இரை எடுத்துவிடவில்லை. கூண்டு சரியாக இருப்பது தேவைதான். ஆனால் அது மட்டுமே போதும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இரையை மாற்றுதல்

இதற்குள்ளேயே பல போட்டிகள் உண்டு. பெரியது, உயிருள்ள இரையா, உறையவைத்து இளக்கிய இரையா என்பது.

உயிருள்ள எலி அசையும், சூடாக இருக்கும், மணக்கும். தயங்கும் பாம்பைத் தூண்ட இதைவிட வேறு வழியில்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் நாம் பேசுவது பசிக்காத பாம்பைப் பற்றி. பசிக்காத பாம்பும் பசித்த எலியும் ஒரே பெட்டியில் ஓர் இரவு இருந்தால் வேட்டை தலைகீழாகிவிடும். எலி கடித்துக் குதறி, முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் காயப்பட்ட பாம்புகள் உண்டு. கண் திறக்காத எலிக்குட்டியால் இந்த ஆபத்து இல்லை. வளர்ந்த எலி என்றால், கொடுப்பவர் அங்கேயே நின்று பார்த்து, கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். எலி படும் பாடும் கணக்கில் சேர வேண்டும். நான் உயிருள்ள இரை கொடுப்பதில்லை.

உறைந்த இரை தோற்பது பெரும்பாலும் அதை இளக்கும் விதத்தில்தான். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும்; அவற்றால் அது இருட்டில் வெப்பத்தை உணர்கிறது. அறை வெப்பத்தில் கிடக்கும் எலி அதற்கு எலியாகவே தெரியாது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வைத்து இளக்கி, பையில் கட்டி 40 டிகிரி அளவுள்ள வெந்நீரில் வைத்து, கொடுக்கும் முன் தலைப்பகுதியை மட்டும் சற்றுக் கூடுதலாகச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்துவிடும், வயிறு வெடித்தால் அடுப்பைத் துடைக்கும் வேலையும் சேரும். பிறகு நீண்ட இடுக்கியில் பிடித்து, மாலை இருண்ட பின், பக்கவாட்டிலிருந்து நீட்டுங்கள். மேலிருந்து வருவது எதுவும் பாம்புக்குப் பகைதான்.

சோளப் பாம்புக்கு அந்த வெப்பக்குழிகள் இல்லை. அங்கே மணமே ராஜா. முட்டையிலிருந்து வந்த சோளப் பாம்புக் குட்டிகளில் சில, எலிக்குட்டியைக் கண்டுகொள்ளாமல் பல்லிக்கே ஏங்கும். அவற்றுக்குப் பல்லியின் உரித்த தோலை எலிக்குட்டியின் மூக்கில் தேய்த்துக் கொடுப்பது பழைய தந்திரம். வெளியில் பிடித்த பல்லியை நேரடியாகக் கொடுத்தால் ஒட்டுண்ணிகளும் கூடவே வந்து சேரலாம்; தேய்ப்பதோடு நிறுத்துங்கள். இறந்த எலிக்குட்டியின் மண்டையைக் கீறி மூளை மணம் வெளிவரச் செய்வது இன்னொன்று. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் பிடிவாதமான குட்டிகள் சிலவற்றிடம் பலன் தருகிறது.

எலியா சுண்டெலியா என்பதும் சிறிய கேள்வியல்ல. பால் பைத்தான் பழகிய இரையை விட்டு நகர மறுக்கும் இனம். நைஜீரியாவில் காட்டுப் பாம்புகளின் உணவை ஆராய்ந்தபோது, 70 சென்டிமீட்டருக்கும் சிறிய ஆண்கள் பெரும்பாலும் பறவைகளையே தின்றிருந்தன. ஒரு மீட்டரைத் தாண்டிய பெண்கள் பாலூட்டிகளைத் தின்றிருந்தன. கடையில் ‘பாம்பு உணவு’ என்று நாம் வாங்கும் எலி, அந்தச் சிறிய ஆண்களின் பட்டியலில் பெரிய இடம் பிடித்ததல்ல. விற்றவரிடம் முன்பு என்ன கொடுத்தார், எந்த அளவில் கொடுத்தார் என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடியும். அளவில் ஐயம் என்றால் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். இரையின் தடிமன், பாம்பின் உடல் மிகப் பருத்த இடத்தின் தடிமனைத் தாண்டக் கூடாது.

தினமும் நீட்டிப் பார்ப்பதா, இடைவெளி விடுவதா? தினமும் நீட்டுவது நம் மன ஆறுதலுக்குத்தான். ஒவ்வொரு முறை கூண்டைத் திறப்பதும் பாம்புக்கு ஒரு தொல்லை. குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாள், வளர்ந்ததற்கு இரண்டு வாரம் விடுங்கள். தொடாமல் விட்ட எலியை மறுபடி உறையவைக்காமல் எறிந்துவிடுங்கள்.

வாயில் ஊட்டுதல்

ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவை அதிகம் தருவதும், பெரும்பாலும் அதிகக் கேடு செய்வதும் இந்த வழிதான். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தொல்லை கொஞ்சமல்ல.

முதலாவது துணை ஊட்டல்: சிறிய எலிக்குட்டியின் மூக்கை மட்டும் பாம்பின் வாயில் மெல்ல வைத்துவிட்டு அசையாமல் கீழே விடுவது. பல்லில் மாட்டிய இரையைச் சில குட்டிகள் தாமாகவே விழுங்கத் தொடங்கும். இரண்டாவது திணித்தல்: கருவியாலோ குழாயாலோ தொண்டைக்குள் தள்ளுவது. முன்னதை, எல்லாத் தந்திரமும் தோற்று எடையும் இறங்கும் குட்டிக்கு, செய்து பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது முயலலாம். பின்னது மருத்துவரின் வேலை. பல் உடையும், உணவுக்குழல் கிழியும், வாயில் புண் வைக்கும். கடைசியில் தின்றதையும் கக்கிவிட்டால் இருந்த பலமும் போகும்.

நான் செய்திருக்கக் கூடாதது இதுதான். மூன்றாம் மாதம் ஒரு மாலை, எடை சரியாக இருந்தும், பதற்றத்தில் வாயைத் திறக்கப் பார்த்தேன். அது பந்தாகச் சுருண்டுகொண்டது. பத்து நிமிடத்தில் நானே வெட்கப்பட்டுக் கூண்டில் விட்டேன். அடுத்த மூன்று வாரம் என் நிழல் விழுந்தாலே ஒளிவிடத்துக்குள் போய்விட்டது.

சில அறிகுறிகள் தெரிந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது: மூச்சில் சீழ்க்கை ஒலி, மூக்கிலோ வாயிலோ குமிழி, ஈறில் சிவப்பு அல்லது சீழ், திரும்பத் திரும்பக் கக்குதல், நடு உடலில் வீக்கம், செதில்களுக்கிடையே ஓடும் உண்ணிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். மெலிந்த பாம்புக்கு அவர் முதலில் உணவைவிட நீர்ச்சத்தையே ஏற்றுவார். வறண்ட உடலால் இரையைச் செரிக்க முடியாது.

என் பாம்பு ஐந்தாம் மாத இறுதியில் இரை எடுத்தது. வழக்கத்தைவிடச் சிறிய எலி, தலை சூடாக. நீட்டியபோது வழக்கம்போல் நாக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது. ஒளிவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். காலையில் எலி இல்லை. நீண்ட பட்டினிக்குப் பின் பெரிய இரை கூடாது என்பதால் அடுத்ததும் சிறியதே என்று திட்டமிட்டு, பத்தாம் நாள் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் தராசை எடுத்து வந்தேன்: 1,412.