நாற்பதா, நாற்பத்தெட்டா? எங்கள் திடலுக்கு ஏற்ற கூடைப்பந்தாட்டச் சட்டம்

எங்கள் கழகத்தின் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி மாரி மழைக்கு வெகு முன்னதாக, ஆடி ஆவணியில் நடக்கும். எட்டு அணிகள், ஒரே கொங்கிறீட் திடல், திறந்த வானம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இளைஞர்களின் விருப்பப்படி என்.பி.ஏ. சட்டங்களை வைத்து நடத்தினோம். சென்ற ஆண்டு ஃபிபா சட்டங்களுக்கு மாறினோம். இரண்டு முறையும் மேசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை இரண்டு சட்டங்களின் கீழும் பார்த்துவிட்டேன். என் தெரிவு ஃபிபா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபிபா என்றதும் மட்டக்களப்பில் பலர் உதைபந்தாட்டத்தின் ஃபிஃபாவை நினைத்துவிடுகிறார்கள். இது வேறு. 1932இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் இது. ஒலிம்பிக்கும் உலகக் கிண்ணமும் இதன் சட்டங்களின்படிதான் நடக்கின்றன. என்.பி.ஏ. அமெரிக்காவின் தொழில்முறை லீக். எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்து வளர்வது இதைத்தான்.

இரண்டுக்கும் பொதுவானவை நிறைய. பக்கத்துக்கு ஐந்து பேர். தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் வளையம். சாதாரணக் கூடைக்கு இரண்டு புள்ளி, கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று, எதிரணியின் பவுலுக்காக, அதாவது விதிமீறிய மோதலுக்காக, தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. பந்தைத் தட்டாமல் நடந்தால் பந்து எதிரணிக்கு. தட்டுவதை நிறுத்திக் கையில் பிடித்தபின் மீண்டும் தட்டினாலும் அப்படித்தான். 8 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்கவேண்டும், 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறியவேண்டும். இவற்றில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

கோடுகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும், ஏனென்றால் பெயின்ட் வாங்குவது கழகத்தின் காசில். என்.பி.ஏ.யின் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 7.24 மீற்றர், ஃபிபாவினது 6.75. எங்கள் திடலின் அகலம் ஃபிபா அளவான 15 மீற்றர். இரண்டு மூலைகளிலும் ஃபிபா கோடு பக்கக்கோட்டிலிருந்து 90 சென்ரிமீற்றர் உள்ளே ஓடுகிறது. ஓர் ஆள் கால் ஊன்றி எறிய அது போதும். 7.24 வளைவை அப்படியே மூலைவரை இழுத்தால் ஒரு பாதம் வைக்கவே இடம் இராது. என்.பி.ஏ.யும் இதனால்தான் மூலைகளில் கோட்டை 6.70க்கு இறக்கியிருக்கிறது. முதல் ஆண்டு நாங்கள் வளைவை மட்டும் சுண்ணாம்பால் தள்ளிப் போட்டோம். இரண்டாம் நாள் மாலைக்குள் ஆட்டக்காரர்களின் சப்பாத்துகளே அதை அழித்துவிட்டன.

என் மனத்தை மாற்றியது கோடு அல்ல, நேரம்.

என்.பி.ஏ. ஆட்டம் 12 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள், மொத்தம் 48. ஃபிபா ஆட்டம் 10 நிமிடம் கொண்ட நான்கு, மொத்தம் 40. எட்டு நிமிடம்தானே என்று முதலில் நானும் நினைத்தேன். கூடைப்பந்தாட்டத்தின் நிமிடம் வீதியில் போகிறவரின் கைக்கடிகார நிமிடம் அல்ல. பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும், பவுலுக்கு நிற்கும், ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கும். எங்கள் திடலில் 40 நிமிட ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. 48 நிமிட ஆட்டம் இரண்டு மணித்தியாலத்தைத் தொட்டுவிடுகிறது.

இதில் டைம் அவுட்டையும், அதாவது அணிகள் கேட்டு எடுக்கும் இடைநிறுத்தத்தையும், கணக்குப் பாருங்கள். என்.பி.ஏ.யில் ஓர் அணிக்கு ஏழு, ஒவ்வொன்றும் 75 விநாடி. இரண்டு அணிகளும் முழுவதையும் எடுத்தால் பதினேழரை நிமிடம் தண்ணீர் குடிப்பதிலேயே போய்விடும். ஃபிபாவில் முதற் பாதியில் இரண்டு, பின்பாதியில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். இரு அணிகளுக்கும் சேர்த்து உச்சம் பத்து நிமிடம்.

ஆடி மாதத்தில் பகல் மூன்று மணிக்கு எங்கள் கொங்கிறீட்டில் வெறுங்காலை வைத்துவிட முடியாது. சப்பாத்தின் அடியிலும் சூடு ஏறும். நாலேகாலுக்குப் பிறகு வாவிப் பக்கமிருந்து காற்று எழும்பும்போதுதான் திடல் ஆட்டத்துக்கு இணங்கும். ஆறரை தாண்டினால் பந்து தெரியாது. இந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைப்பது. வாடகை விளக்குப் போட்டும் பார்த்தோம். ஒரு வளையத்துக்கு வெளிச்சம், மற்ற வளையத்துக்கு நிழல். செலவும் நியாயமில்லை.

முதல் ஆண்டின் அரையிறுதி இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. கல்முனைப் பக்கத்திலிருந்து ஓர் அணி வந்திருந்தது, 40 கிலோமீற்றர் பஸ்ஸில். பஸ் தாமதித்ததால் ஆட்டம் ஐந்து மணிக்குச் சற்று முன்புதான் தொடங்கியது. கடைசிக் கால்பகுதியில் மூன்று நிமிடம் மிச்சம், இரண்டு புள்ளி வித்தியாசம். குறுக்கே வந்த பாஸ் ஒரு பையனின் கண்ணுக்கே தெரியவில்லை. பந்து நேராக மூக்கில் பட்டு இரத்தம் வழிந்தது. மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தினார். மிச்சத்தை மறுநாள் காலை ஆடுவதென்று முடிவாயிற்று. ஒன்பது பேராக வந்த அணி மறுநாள் ஐந்து பேரோடு வந்தது. மற்றவர்களுக்கு வேலை. அந்த மூன்று நிமிடத்தை ஆடித் தோற்றுப் போனார்கள். அணித் தலைவர் என்னிடம் வந்து, “நாங்கள் ஆட்டத்தில் தோற்கவில்லை, அண்ணன்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நாற்பது நிமிடமாக இருந்திருந்தால் மூக்கு உடைவதற்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்கும்.

கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் முன்னிலையில் இருக்கும் அணி பந்தை எடுத்துவர மெல்ல நடக்கும். இறுதி நிமிடங்களின் உயிரே போய்விடும். கூடை விழுந்தபிறகும் கடிகாரத்தை நிறுத்துவதை ஃபிபா கடைசிக் கால்பகுதியின் இறுதி இரண்டு நிமிடத்துக்கும் மேலதிக நேரத்தின் இறுதி இரண்டு நிமிடத்துக்கும் மட்டும் வைத்திருக்கிறது. என்.பி.ஏ. முதல் மூன்று கால்பகுதிகளின் கடைசி நிமிடத்திலும் நிறுத்துகிறது. ஆட்டம் சூடேறும் இடத்தில் நிறுத்தி, மற்ற நேரமெல்லாம் கூடை விழுந்தாலும் ஓடவிடுவது எங்களைப் போன்ற திடலுக்கு வெகு பொருத்தம்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தம்பி நல்ல யோசனை என்று நினைத்து ஒன்றைச் சொன்னார். நேரம் ஃபிபாவினது இருக்கட்டும், பவுல் மட்டும் என்.பி.ஏ.யினது இருக்கட்டும் என்றார். என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டக்காரர் ஆறாவது பவுலில் வெளியேறுவார், ஃபிபாவில் ஐந்தாவதில். ஆறு என்றால் தாராளம் போலத் தோன்றும். 48ஐ ஆறால் வகுத்துப் பாருங்கள், எட்டு. 40ஐ ஐந்தால் வகுத்தாலும் எட்டு. எட்டு நிமிடத்துக்கு ஒரு பவுல் என்ற அதே அளவுதான் இரண்டிலும் இருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு ஆறு பவுலைக் கொடுத்தால், கையைப் பிடித்து இழுப்பவனுக்கு ஒரு தடவை இலவசமாகக் கொடுத்ததாகும். கரும்பலகையில் இந்த இரண்டு வகுத்தலையும் எழுதிக் காட்டியபிறகுதான் அந்தத் தம்பி ஒத்துக்கொண்டார்.

24 விநாடிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1954இல் என்.பி.ஏ. அதைக் கொண்டுவந்தபோது, 48 நிமிடத்தின் 2880 விநாடியை, ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் எறியக்கூடிய 120 எறிகளால் வகுத்தார்கள். ஃபிபா 2000ஆம் ஆண்டு வரை 30 விநாடி வைத்திருந்து, பிறகுதான் 24க்கு வந்தது. எங்களிடம் மின்பலகை கிடையாது. மேசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கடைசிப் பத்து விநாடியை உரத்து எண்ணுவார்.

பவுலில் என்.பி.ஏ.க்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் அணிகள் பெரும்பாலும் ஏழெட்டுப் பேரோடு வருகின்றன. ஃபிபாவில் பவுலால் ஆட்கள் வெளியேறி மாற்று ஆட்டக்காரர் இல்லாமற் போனால் நான்கு பேராகவும் மூன்று பேராகவும் ஆடவேண்டியதுதான். இரண்டு பேருக்கும் குறைந்தால் ஆட்டமே முடிந்துவிடும். என்.பி.ஏ. ஐந்து பேருக்குக் கீழே இறங்கவிடாது. மாற்று ஆள் இல்லையென்றால் ஆறு பவுல் செய்தவரே நின்று ஆடுவார், அடுத்த ஒவ்வொரு பவுலுக்கும் கூடுதல் தண்டனையோடு. சிறிய அணிகளுக்கு அது இரக்கமான சட்டம். சென்ற ஆண்டு ஓர் அணி கடைசி நான்கு நிமிடத்தை நான்கு பேரோடு ஆடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தற்காப்பு மூன்று விநாடிச் சட்டமும் அப்படித்தான். என்.பி.ஏ. அதை 2001-02 பருவத்தில் கொண்டுவந்தது. தான் காக்கும் ஆள் அருகில் இல்லாமல் வளையத்தடிப் பெட்டிக்குள் மூன்று விநாடிக்கு மேல் தற்காப்பு ஆட்டக்காரர் நிற்கக்கூடாது. ஃபிபாவில் அது இல்லை. நல்ல உயரமான ஒரு பையன் கிடைத்தால் எங்கள் பயிற்றுவிப்பாளர்கள் அவனை வளையத்துக்குக் கீழே மரம் போல நட்டுவிடுகிறார்கள். உள்ளே புகுந்து ஆடும் சின்னப் பையன்களின் ஆட்டம் அதோடு சரி. இந்தச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அதைக் கவனிக்க ஒரு மத்தியஸ்தர் பெட்டியைவிட்டுக் கண்ணெடுக்கக்கூடாது. என்.பி.ஏ.யில் மூன்று மத்தியஸ்தர்கள், எங்களிடம் இரண்டு பேர்.

பந்தை இருவர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் என்.பி.ஏ.யில் அந்த இருவரையும் நிறுத்தி, நடுவே பந்தை எறிந்து குதிக்கவைப்பார்கள். பார்வையாளருக்கு அது பிடிக்கும். குட்டைப் பையன் ஒருவன் தரையில் விழுந்து பந்தைப் பிடித்ததற்கு, ஆறடிக்காரனோடு குதித்து அதை இழக்கவேண்டியிருக்கும். ஃபிபாவில் ஆட்டத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் குதிப்பு. அதில் பந்து கிடைக்காத அணிக்கு முதல் முறை, பிறகு மாறி மாறி. யாருடைய முறை என்பதை மேசையில் ஓர் அம்பு காட்டும். பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் ஓர் ஆணி குத்தி எங்கள் அம்பைச் செய்தது பதினோராம் ஆண்டில் படிக்கும் ஒரு மாணவி. அதைத் திருப்பும் பொறுப்பும் அவருடையதே. பந்து கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே வந்து ஓர் ஆட்டக்காரரைத் தொட்டபிறகுதான் திருப்பவேண்டும். முதல் நாள் ஒரு தடவை முந்தித் திருப்பிவிட்டார். அதன்பின் பந்து ஒருவரைத் தொடும்வரை விரலை ஆணியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு ஒரு பிழைகூட வரவில்லை.

பிள்ளைகளுக்கு மாற மிகவும் கடினமாக இருந்தது டைம் அவுட். என்.பி.ஏ.யில் பந்து கையில் இருக்கும் ஆட்டக்காரரே ஓடும் ஆட்டத்தில் கையைக் காட்டிக் கேட்கலாம். ஃபிபாவில் பயிற்றுவிப்பாளரோ துணைப் பயிற்றுவிப்பாளரோ மேசைக்குச் சொல்லவேண்டும், கடிகாரம் நின்றாலோ எதிரணி கூடை போட்டாலோதான் கிடைக்கும். கைப்பேசியில் பார்த்த பழக்கத்தில் ஒரு பையன் இரண்டு கையையும் சேர்த்துச் சைகை காட்டிக்கொண்டு நின்றான். எதிரணி பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டுவிட்டது. விசில் ஏன் ஊதவில்லை என்று அவன் மேசையைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. இதைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்.

கழகத்தின் பெரியவர் ஒருவருக்கு இந்த மாற்றத்தில் மனம் ஒப்பவில்லை. மட்டக்களப்புக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள்தானே என்றார். உண்மைதான். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளோடு சேர்த்துத்தான் இங்கே கூடைப்பந்தாட்டத்தை நினைக்கிறோம். புனித மிக்கேல் கல்லூரியின் பிள்ளைகளைப் பயிற்றுவித்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990இல் காணாமற்போனார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் அந்தப் பெரியவரின் குரல் தாழ்ந்துவிடும். அடிகளாரின் மாணவர்கள் வெளியூர் போய் வென்றதை அவர்தான் எங்களுக்குச் சொல்வார். நான் அவருக்குச் சொன்னதும் அதையே வைத்துத்தான். எங்கள் பிள்ளைகள் நாளைக்கு இந்த மாவட்டத்தைத் தாண்டிப் போனால் அங்கே கால்பகுதி பத்து நிமிடம், பவுல் ஐந்து. அங்கே போய்ப் புதிதாகப் பழக முடியாது. பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இறுதியாட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பெண்கள் அணிகளைப் பொறுத்தவரை நான் உறுதியாகப் பேச முடியாது. சென்ற ஆண்டு இரண்டு அணிகள்தான் வந்தன, ஒரே ஓர் ஆட்டம்தான் நடந்தது. மூவர் ஆட்டத்தை முயன்று பாருங்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். பத்து நிமிடம் அல்லது முதலில் 21 புள்ளி, அரைத் திடல், எறிய 12 விநாடி. ஆட்களும் வெளிச்சமும் குறைந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தக்கூடும். அதை நடத்திப் பார்த்தபின் எழுதுகிறேன்.

இந்த ஆண்டும் ஃபிபாதான். ஆட்டம் நாலேகாலுக்குத் தொடங்கும். கல்முனை, காரைதீவுப் பக்கத்து அணிகளுக்கு முதல் ஆட்டங்களை ஒதுக்கியிருக்கிறோம். மூலைக் கோட்டுக்கு இம்முறை சுண்ணாம்பு இல்லை, பெயின்ட்.